டாக்டரம்மா வீட்டுக்கு வந்த சட்டம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெயர் இருக்கிறது, வாசலில் பலகையும் இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "டாக்டரம்மா வீட்டுக்குப் போறோம்" என்றுதான் சொல்வார்கள். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் எங்களுடையது. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள்தான் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர். மொத்தம் 14 படுக்கை. கீழே ஓ.பி.யும் லேபர் வார்டும், மாடியில் வார்டு, பின்கட்டில் டாக்டரம்மாவின் குடியிருப்பு. நள்ளிரவில் வலி கண்டால் பின்கட்டுக் கதவைத்தான் வந்து தட்டுவார்கள்.

2006-ல் பில் போடும் வேலைக்கு இங்கே சேர்ந்தேன். இப்போது நிர்வாகம் முழுக்க என் பொறுப்பு. நான் மருத்துவம் படிக்கவில்லை, சட்டமும் படிக்கவில்லை. ஆனால் கடந்த சில வருடங்களில் வந்த சட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றும் என் மேசைக்குத்தான் முதலில் வந்தன. எங்களைப் போன்ற சின்ன நர்சிங் ஹோம்களில் இதே வேலையைப் பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2018 ஜூனில் ஒருநாள் மதியம், ஓ.பி. முடிந்த நேரம். மருத்துவர் சங்கத்திலிருந்து வந்த தகவலை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொரு கிளினிக்கும் ஆஸ்பத்திரியும் லேபும் இனிமேல் பதிவு செய்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "எனக்குத்தான் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கே. ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா தனியா ஒண்ணு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பிறகு வந்த சட்டங்கள் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். மருத்துவக் கவுன்சில் பதிவு டாக்டரம்மா என்கிற மனுஷிக்கு உரியது. இரவு இரண்டு மணிக்கு அவர் தூங்கப்போன பிறகு வார்டில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும், ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, ஊசி எங்கே போகிறது என்பதற்கெல்லாம் அந்தப் பதிவு பொறுப்பேற்காது. இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்றுதான் புதிய சட்டங்கள் கேட்கின்றன. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கான பதில் எல்லாம் டாக்டரம்மாவின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது.

சட்டம் புதிதும் அல்ல. தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. விதிகள் வகுக்கப்படாததால் இருபது வருடத்துக்கு மேல் அது நடைமுறைக்கு வரவில்லை. 2018-ல் சட்டத்தைத் திருத்தி அரசு ஆஸ்பத்திரிகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள், அதே வருடம் விதிகளும் வந்தன. அலோபதி மட்டும் அல்ல, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் இதில் அடங்கும். மாவட்டத்தில் ஜே.டி. ஆபீஸ்தான், அதாவது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்தான், பார்வையிட்டுப் பதிவு கொடுக்கிறது. சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

விண்ணப்பத்துக்கு முன்னால் காகிதங்களைச் சேர்க்க உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், நான்கு மாதம் ஆனது. காரணம், எங்கள் ஆஸ்பத்திரிக்கு நான்கு பெயர்கள் இருந்தன. வாசல் பலகையில் 'மருத்துவமனை', மருந்துக்கடை லைசென்ஸில் 'கிளினிக்', பொல்யூஷன் போர்டு அனுமதியில் 'நர்சிங் ஹோம்', ஸ்கேன் பதிவில் டாக்டரம்மாவின் பெயர் மட்டும். வீட்டு வரி ரசீதோ காலமான ஐயாவின் பெயரில். இனிஷியல்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி ஒரே பெயருக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

புதிதாக விண்ணப்பிப்பவர்களும் ரெனியூவலுக்குப் போகிறவர்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: எல்லா லைசென்ஸையும் மேசைமேல் பரப்பிவைத்து, பெயர், முகவரி, கதவு எண், பொறுப்பு மருத்துவர் பெயர் நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு எண் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இருந்தால்கூட விண்ணப்பம் திரும்பி வரும்.

பார்வையிட வந்த நாளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கத்திப் பேசவில்லை, குற்றம் கண்டுபிடிக்கும் முகமும் இல்லை. லேபர் வார்டுக்குள் போய், மூச்சுக் கொடுக்கும் அம்பு பேகை எடுத்துத் தானே அழுத்திப் பார்த்தார். ஆக்சிஜன் மீட்டரைத் திறந்து பார்த்தார். எமர்ஜென்சி டிரேயில் ஒவ்வொரு ஆம்பியூலாகக் கையில் எடுத்துத் தேதி பார்த்தார். அங்கே எங்கள் வார்டு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

இந்த அக்கா 1994-ல் எட்டாம் வகுப்புப் படிப்போடு இங்கே வேலைக்கு வந்தவர். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்து, ஊசி போட, டிரிப் ஏற்ற, பிரசவத்தில் கூடநிற்க எல்லாம் கற்றுக்கொண்டவர். காய்ச்சலில் வதங்கிக் கிடக்கும் கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு பிடித்துவிடுவார். எனக்கு இரண்டு பிரசவத்திலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அவருடையது. அதிகாரி அவரைப் பார்த்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நான்தான் கத்துக்கொடுத்தேன்" என்றார் டாக்டரம்மா.

அதிகாரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இவங்க கைத்திறமை எனக்குப் புரியுதுங்க டாக்டர். ஆனா மருந்து மாறிப்போச்சுன்னா பதிவேட்டுல யார் பேரை எழுதுவீங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டின் சின்ன நர்சிங் ஹோம்களில் முக்கால்வாசியில் இப்படி ஓர் அக்கா இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். வெள்ளை உடை போட்டிருப்பார், ஊர் அவரை நர்ஸ் என்றுதான் அழைக்கும். ஆனால் நர்ஸ் கவுன்சிலில் பெயர் இருக்காது. ஊசியிலும் மருந்திலும் தவறு நேர்ந்தால் அவரையும் காப்பாற்ற முடியாது, டாக்டரையும் காப்பாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட, மருந்து மாறிப்போன நோயாளியை யார் காப்பாற்றுவது?

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்த இரண்டு நர்ஸ்களைச் சேர்த்தோம், பிறகு மூன்றாவதாகவும் ஒருவரை. சம்பளச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது. சின்ன ஊருக்கு வந்து தங்கி வேலைபார்க்க ஆள் கிடைப்பதும் லேசான காரியம் அல்ல, மாடியில் ஓர் அறையைத் தங்குவதற்கு ஒதுக்கித் தந்தோம். அக்காவுக்கு வேலை மாறியது. இனி ஊசி இல்லை, டிரிப் இல்லை. முதல் வாரம் நடந்த ஒன்று என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. புதிதாக வந்த பெண் ஒரு பாட்டிக்கு நரம்பு தேடி மூன்று முறை குத்தினார். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான்காவது முறை அவர் கை நீட்டவில்லை, வாயால் மட்டும் சொன்னார்: "கையைக் கொஞ்சம் தொங்கவிடச் சொல்லு கண்ணு, சுடுதண்ணித் துணி போடு, தானா எழும்பும்." எழும்பியது.

இன்றைக்கு அக்கா வார்டு உதவியாளர். குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய்க்குச் சொல்லித்தருவது, கருவிகளைக் கழுவிக் கட்டிக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவது, கழிவைப் பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்தைக் குறைக்கவில்லை. இதை வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனென்றால் சட்டத்தைக் காட்டி இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிய இடங்களை எனக்குத் தெரியும். அது சட்டம் கேட்டதல்ல. சட்டம் கேட்டது, யார் எதைச் செய்யலாம் என்ற எல்லைக்கோட்டை. அந்தக் கோட்டை எழுத்தில் வையுங்கள். டூட்டி சார்ட்டில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற வரிசையில் பதிவு உள்ளவர் பெயர் மட்டுமே இருக்கட்டும். ஒவ்வொருவரின் கவுன்சில் பதிவு நகலும் ஃபைலில் இருக்கட்டும், அது என்றைக்கு முடிகிறது என்பதோடு.

அடுத்தது கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு. டாக்டரம்மா 40 வருடம் வைத்தியம் பார்த்தவர். மூன்றாவது பிரசவத்துக்கு வருகிற பெண்ணிடம், முதல் பிரசவத்தில் என்ன சிக்கல் என்று அவரே சொல்வார். அவ்வளவு ஞாபகம். அதனாலேயே எழுதுவது குறைவு. 'டெலிவர்டு, மதர் அண்டு பேபி வெல்' என்ற ஒரு வரியோடு முடிந்த ஷீட்டுகள் எங்களிடம் கட்டுக் கட்டாக இருந்தன. பதிவுக்குப் பிறகு நேரம் போட்டு எழுதும் பழக்கத்தைப் புதிய நர்ஸ்களோடு சேர்ந்து கொண்டுவந்தோம். டாக்டரம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "நோயாளியைப் பாக்கவா, நோட்டைப் பாக்கவா?" என்பார்.

2022 ஐப்பசி மழையில் ஓர் இரவு. இரண்டாவது பிரசவம், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா கர்ப்பப்பையைப் பிடித்து அழுத்திக்கொண்டே ஒவ்வொரு மருந்தாகச் சொல்லச் சொல்ல, நர்ஸ் போட்டார். எழுத யாருக்குக் கை ஒழியும்? அந்த நர்ஸ் ஒன்று செய்தார். பிளாஸ்திரியைக் கிழித்துக் கிழித்து மருந்துப் பெயரையும் சுவர்க் கடிகார நேரத்தையும் எழுதி டிரிப் ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டே வந்தார். 1.52, 1.58, 2.05. 108-க்குச் சொன்ன நேரம், வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டாக்டரம்மா தானே போனில் சொல்லி, அந்த நேரங்களை எல்லாம் ரெஃபரல் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டியில் நர்ஸும் கூடப்போனார்.

இரண்டாம் நாள் காலையில் இருபது பேர் வாசலில் நின்றார்கள். இரவு முழுக்க வைத்திருந்துவிட்டு முடியாமல் போனபின் தள்ளிவிட்டீர்கள் என்று கூச்சல். ஓ.பி. பெஞ்சைத் தூக்கிப் போட்டார்கள். போலீஸ் வந்தது. நான் கேஸ் ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தேன், பிளாஸ்திரித் துண்டுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டிப் பின்னால் சேர்த்திருந்தோம். வந்திருந்த காவல் அதிகாரி அந்தப் பெண்ணின் மாமனாரை உட்காரவைத்து ஒவ்வொரு நேரமாகப் படித்துக் காட்டினார். ரத்தப்போக்கு ஆரம்பித்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் இடையில் 41 நிமிடம். பெரியவர் கடைசித் துண்டுவரைக்கும் கேட்டுவிட்டு, மருமகளின் ரத்த குரூப்பைக் கேட்டுக்கொண்டு க.விலக்குக்குக் கிளம்பிவிட்டார். பதினோராம் நாள் அந்தப் பெண் வீடு திரும்பினார். அந்தக் குழந்தைக்கு இப்போதும் தடுப்பூசிக்கு எங்களிடம்தான் வருகிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன், இரண்டிலும் பயமும் குழப்பமும் நிறைய. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருடம் வரை சிறை என்றதும் டாக்டர்கள் பலர் பதறிப்போனார்கள். பிரிவு 106-ஐ முழுக்கப் படிக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்ததென்றால் உச்சத் தண்டனை இரண்டு வருடம்தான், பழைய 304-ஏ-யிலும் அதுவேதான் இருந்தது. 'பதிவுபெற்ற மருத்துவர்' என்றுதான் அங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அக்காவின் கை ஏன் பின்னால் போக வேண்டியிருந்தது என்பது இதிலும் தெரியும். டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் முதலில் எந்தப் பக்கமும் சாராத வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னதையும் மறக்கக் கூடாது. கருத்துச் சொல்லப்போகும் அந்த மருத்துவருக்கு முன்னால் இருக்கப்போவது உங்கள் கேஸ் ஷீட் மட்டும்தான்.

இன்னொன்று, ஆஸ்பத்திரித் தாக்குதலுக்கு எதிரான தமிழ்நாட்டின் 2008-ஆம் வருடச் சட்டம், எண் 48. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. டாக்டர், நர்ஸ் மட்டும் அல்ல, ஊழியர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டரைக் கத்தியால் குத்திய பிறகு இந்தச் சட்டத்தின் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. பெஞ்சு உடைந்த அன்று இந்த எண்ணை நாங்களாகச் சொல்லித்தான் புகாரில் எழுதினோம். புகார் கொடுக்கும்போது 48/2008 என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். சமாதானமாகப் போகிறோம் என்று பிறகு முடிவெடுத்தாலும், புகார் பதிவில் இருக்கட்டும். எங்களுடையது சமாதானத்தில்தான் முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த வீட்டின் பயம் எனக்குப் புரிந்தது.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டு கொடுக்க வேண்டும், உள்நோயாளி ரெக்கார்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2002-லிருந்தே இருக்கும் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை. கேட்டவுடன் முகம் சுளிக்காமல் நகல் எடுத்துக் கொடுங்கள். கொடுக்கத் தயங்குகிறோம் என்றாலே எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஸ்கேன் வைத்திருப்பவர்கள் ஃபார்ம் எஃப் பற்றி, அதாவது கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவத்தைப் பற்றி, அலட்சியமாக இருக்கவே கூடாது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபார்ம், மாதாந்திர அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள். ஒரு கட்டம் விட்டுப்போனது எழுத்துப்பிழை மாதிரிதானே, அதற்கு மிஷினுக்கு சீல் வைப்பதா என்று டாக்டர்கள் தரப்பில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஃபார்மைச் சரிவர நிரப்பாததே குற்றம்தான் என்று 2019 மே மாதம் தீர்ப்பு வந்தது. கடுமை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் உசிலம்பட்டி எங்களுக்குத் தூரம் இல்லை. பெண்சிசுக்கொலையால் அந்த வட்டாரத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலத்தை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. கருவிலேயே அதைச் செய்ய ஒரு மிஷின் போதும் என்றால், அந்த மிஷினுக்குக் கணக்கு கடுமையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வழக்கம்: ஃபார்மில் கையெழுத்தாகும் வரை அந்தப் பெண் ஸ்கேன் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். சாயங்காலம் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டாயம் ஒரு கட்டம் விட்டுப்போகும்.

கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த மாற்றம்தான் எங்களிடம் வரும் பெண்களுக்கு உண்மையிலேயே நிம்மதி தந்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், கருவில் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் போன்றோருக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்கள் கருத்தோடு. அதற்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு முடிவு செய்யும். பழைய சட்டத்தில் கருத்தடை தவறிப்போன காரணம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று இருந்தது, இப்போது 'எந்தப் பெண்ணும்' என்று மாறிவிட்டது. தாலி எங்கே, புருஷன் எங்கே என்ற கேள்வியை எங்கள் ரிசப்ஷனில் கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். வந்தவர் பெயரை வெளியே சொல்வதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அதனால் அந்தப் பதிவேடு மட்டும் பூட்டிய அலமாரியில்.

பதினெட்டு நிரம்பாத பெண் வந்தால் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தப் பயத்தில் திருப்பி அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. அனுப்பினால் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று யோசியுங்கள். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும்போது பெயர் விவரத்தை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை. தகவல் கொடுக்கும் கடமை மாறவில்லை. ஆனால் இதைச் சொன்னவுடன் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அந்தத் தாய்க்குத் தேவையாக இருந்தது அவ்வளவுதான். இந்தச் செய்தியை ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல்லிக்கொடுங்கள். முதலில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

கழிவு விஷயத்தில் 2016 விதிகளை எல்லோருக்கும் தெரியும்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறமாகப் பிரிக்க வேண்டும், பார்கோடு ஒட்ட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தெரியாமல் போவது ஜூன் 30. முந்தைய வருட அறிக்கை அதற்குள் பொல்யூஷன் போர்டுக்குப் போக வேண்டும். தீபாவளி சமயத்தில் கழிவு எடுக்கும் வண்டி வராமல் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா சிரிஞ்சு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் என்று பிரிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் புது நர்ஸ்கள் கற்றுக்கொண்டார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் அடிப்படை. நாங்கள் ஓர் எழுத்தைத் தப்பாக அனுப்பினால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க அலையும். அப்பா பெயரைக் காதால் கேட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆதாரைப் பார்த்து எழுதி, தாயிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் இப்போது பதிவேற்றுகிறோம். இறப்புக்குக் காரணம் எழுதும் சான்றின் ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். 'இதயம் நின்றதால்' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எல்லா மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும்.

மலைக்கு அந்தப் பக்கம் வேலைபார்க்கும் பெண்கள் கேட்ட ஒரு கேள்வியும் எங்களை மாற்றியது. "அங்கே ஆஸ்பத்திரியில ரேட்டு எழுதிப் போட்டிருக்காகம்மா, இங்கே இல்லையா?" கேரளாவின் 2018-ஆம் வருடச் சட்டப்படி கட்டணத்தைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். எங்களிடம் யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சுகப்பிரசவம், ஆபரேஷன், ரூம் வாடகை, ஸ்கேன் நான்கையும் தமிழில் எழுதி மாட்டினோம். பில் நேரத்துச் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்கள் உட்பட உயிர்கள் போன இரவுக்குப் பிறகு எங்கள் மாடிப்படியை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். படிக்கட்டின் அடியில் பழைய மெத்தைகளும் அட்டைப்பெட்டிகளும் பத்து வருடமாகக் கிடந்தன. தீயணைப்புக் கருவி இருந்தது, தேதியும் சரியாக இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் இரவு டூட்டியில் ஒருவர்கூட இல்லை. மறுநாளே மெத்தைகளை அகற்றினோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரை வரவழைத்து எல்லோர் கையிலும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னோம். ஆபரேஷன் ஆன தாயைப் போர்வையோடு சேர்த்து இரண்டு பேர் எப்படி இறக்குவது என்பதையும் அவர் காட்டிக்கொடுத்தார்.

எல்லாத் தேதிகளையும் ஒரு நீளநோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, ஆனால் நோட்டு என் மேசையிலேயே கிடக்கும், நான் லீவில் போனாலும் மற்றவர் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு லைசென்ஸும் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும். அந்த நோட்டின் தயவால் எங்கள் இரண்டாவது பதிவு தாமதமில்லாமல் கிடைத்தது. இந்த முறை வந்த அதிகாரி வேறொருவர். அக்காவிடம் அவர் கேட்டது கழிவைப் பற்றி மட்டும். அக்கா நான்கு நிறத்தையும் காரணத்தோடு சொன்னார்.

அடுத்த ரெனியூவல் 2029-ல். அப்போது டாக்டரம்மாவுக்கு 79 வயதாகியிருக்கும். பொறுப்பு மருத்துவர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று போன மாதம் கேட்டேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளிடம் பேசுகிறேன் என்றார். வட்டாரத்தில் இப்படி அடுத்துப் பொறுப்பேற்க டாக்டர் இல்லாமல் மூடிப்போன மூன்று நர்சிங் ஹோம்களை எனக்குத் தெரியும். அங்கே போய்க்கொண்டிருந்த பெண்கள் இப்போது எங்களிடம் வருகிறார்கள். நோட்டில் அந்தத் தேதிக்கு நேராகச் சிவப்பு வரியைப் போட்டுவிட்டேன், மூன்று மாதம் முன்னால் அல்ல, இரண்டு வருடம் முன்னால்.